நிவாரணத்துக்கு லொறி அனுப்பப் போகிறீர்களா? முதலில் ஒரு தாள் எடுங்கள்

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற வட்ஸ்அப் குழுமங்களில் பாதி நிவாரணக் குழுக்களாகிவிடும். பழைய மாணவர் சங்கம், கோயில் இளைஞர் மன்றம், ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், ஆளுக்கொரு சாமான் பட்டியல், ஆளுக்கொரு வங்கிக் கணக்கு இலக்கம். இரவு ஒன்பது மணிக்கு யோசனை வரும், விடிந்தால் வாசலில் லொறி நிற்கும். இந்த வேகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோதும் சரி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டபோதும் சரி, சோற்றுப் பார்சலோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்களில் நிறையப் பேர் இப்படிப்பட்ட சின்னக் குழுக்காரர்கள்தான்.

ஆனால் அந்த வேகத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமலே புறப்பட்டு விடுகிறோம்: இதில் ஏதாவது பிழைத்தால் அடி யாருக்கு விழும்? குழுவை நடத்துகிற நமக்கா, லொறிச் சாரதிக்கா, முதல் தடவையாக வருகிற பத்தொன்பது வயதுப் பொடியனுக்கா, இல்லை சாமான் வாங்க வரிசையில் நிற்கிற அம்மாவுக்கா? நிவாரண வேலையில் ஆபத்தைக் கையாள்வது பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதைச் சுற்றியதுதான். நாம் 'சமாளித்துவிட்டோம்' என்று சொல்கிற பல ஆபத்துகளை உண்மையில் நாம் குறைத்திருக்கவே மாட்டோம், நமக்குக் கீழே இருக்கிற ஒருவரின் தலையில் கட்டியிருப்போம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு எக்செல் அட்டவணை இருக்கும். பாதுகாப்பு, பணம், சட்டம், பெயர், தகவல் என்று ஆபத்துகளை வகை பிரித்து, ஒவ்வொன்றும் நடக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்கு எத்தனை, நடந்தால் வரும் பாதிப்புக்கு ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, இரண்டையும் பெருக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் அடித்து வைத்திருப்பார்கள். கெட்ட முறை என்றில்லை. ஆனால் நிறம் அடித்து முடித்ததும் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் அதில் உள்ள கோளாறு. ஒரு லொறியும் ஒரு வானும் அனுப்புகிற உங்களுக்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும். அதில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: என்ன நடக்கலாம், நடந்தால் யாருக்கு, அதைக் குறைக்க யார் என்ன செய்கிறார், எந்தக் கட்டத்தில் திரும்பி வருகிறோம். மூன்றாவது பத்தியில் 'எல்லாரும் கவனமாக இருப்போம்' என்று எழுதினால் அது வெறும் பத்தி. அங்கே ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும்.

ஒரு வரியை நிரப்பிக் காட்டுகிறேன். 'வெல்லம்பிட்டியில் உள்ளொழுங்கைக்குப் படகில் சாமான் கொண்டு போகும்போது படகு கவிழலாம். யாருக்கு: படகில் போகும் மூன்று பேருக்கும் படகோட்டிக்கும். குறைக்க: நான்கு உயிர்காப்பு அங்கிகளை முதல் நாள் இரவே வானில் ஏற்றி எண்ணிப் பார்ப்பது ரமேஷின் பொறுப்பு. நீந்தத் தெரியாதவர் படகில் ஏறுவதில்லை. திரும்புவது: அங்கி ஒன்று குறைந்தாலும், நீரோட்டம் பார்த்துப் படகோட்டி வேண்டாம் என்றாலும், மாலை நான்கு மணி தாண்டினாலும்.' நான்கு அங்கி என்று எழுதியதைக் கவனியுங்கள். படகோட்டிக்கும் ஒன்று. நம் ஆட்கள் மூவருக்கும் அங்கி போட்டுவிட்டு, 'அவருக்குப் பழக்கம்தானே' என்று ஊர் ஆளை வெறுங்கையோடு ஏற்றுவதைத்தான் தலையில் கட்டுவது என்றேன்.

இப்படி ஏழெட்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஐம்பது வரி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், நீங்களும்தான்.

தண்ணீரும் மண்ணும்

கொழும்பில் மழை விட்டு வெயில் எறித்தால் வெள்ளம் முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. களனி கங்கை அப்படி நடந்துகொள்ளாது. மலையில் பெய்கிற மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல வழியாக இறங்கி வந்துதான் கொழும்பில் நாகலகம் வீதியில் இருக்கிற நீர்மட்ட மானியில் ஏறும். அதனால் மேலே நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது, கீழே கொலன்னாவையில் வானம் நீலமாக இருந்தாலும் இனிமேல்தான் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த நிலையங்களின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. புறப்படும் முன் ஒரு தடவையும் அங்கே நிற்கும்போது ஒரு தடவையும் அதைப் பார்ப்பதற்கென்று கொழும்பில் இருக்கிற ஒருவரை நியமித்து விடுங்கள். தண்ணீருக்குள் நிற்கிறவர் கையில் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மலையகம் போகிறீர்கள் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைதான் உங்கள் சட்டம். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளியிடுகிறார்கள், ஆகவே 'நுவரெலியா மாவட்டத்துக்குப் பரவாயில்லையாம்' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல் நீங்கள் போகிற பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிவப்பு விழுந்த பிரிவுக்குள் லொறியோடு போகாதீர்கள், அவ்வளவுதான். அங்கிருக்கிற சனங்களையே வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் பருப்பு மூட்டையோடு உள்ளே போய் அவர்களை லயத்திலேயே இருக்க வைக்கப் போகிறீர்களா? சாமானைப் பிரதேச செயலகத்தில் அல்லது சனங்கள் வந்து தங்கியிருக்கிற பாடசாலையில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புங்கள். படம் அவ்வளவு நன்றாக வராது என்பது உண்மைதான்.

வீதி விபத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை, ஆனால் நம்மைப் போன்ற குழுவுக்கு வெள்ளத்தை விட வீதிதான் பயம். முதல் நாள் முழுக்கப் புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிய அதே சாரதி, இரவு இரண்டு மணிக்கு அவிசாவளை தாண்டிக் கினிகத்தேனைப் பக்கம் வளைவில் ஏறுகிறார் என்றால், அந்த மனிதர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டீர்களா? கேளுங்கள். ஆறு மணித்தியாலமாவது தூங்கி எழும்பாதவர் ஓட்டக்கூடாது என்று தாளில் எழுதுங்கள். இருட்டினால் மலைப்பாதை இல்லை என்றும் எழுதுங்கள். லொறியின் பின்னால் மூட்டைக்கு மேல் பொடியன்களை ஏற்றுவது இன்றோடு சரி. வாடகை வாகனத்தின் காப்புறுதி யாரை, எதற்கு உள்ளடக்குகிறது என்று உரிமையாளரிடம் கேட்டு, சான்றிதழை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் தொண்டர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அரச ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் கால் முறிந்து ஒரு மாதம் வேலைக்குப் போகாதவனின் நாட்கூலி?

திரும்பு என்று சொல்கிறவர்

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். லொறி நிறையச் சாமான், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து காசு போட்டவர்கள் படம் கேட்டுக் குழுமத்தில் நச்சரிக்கிறார்கள், நாலு மணித்தியாலம் ஓடி வந்தாயிற்று, இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் எவருக்கும் புத்தி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் திரும்புகிற கட்டத்தை முதல் நாளே, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்கிறேன். யார் முடிவெடுப்பது என்பதையும் சேர்த்துத்தான். என் கட்சி இது: திரும்பலாம் என்று சொல்ல வண்டியில் இருக்கிற எவருக்கும் உரிமை உண்டு, சாரதி உட்பட, காரணம் விளக்கத் தேவையில்லை. போகலாம் என்று சொல்லத்தான் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். கொழும்பில் இருந்து ஒருவர் 'போய்ப் பாருங்கள், ஒன்றும் நடக்காது' என்று சொல்லி அனுப்புகிற வழக்கத்தை மட்டும் ஒழித்துவிடுங்கள்.

தூரத்தில் இருந்து எடுக்கிற முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாட்டில் நாம் மறக்கக்கூடாது. 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் சண்டை நடந்தபோது, பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலும் அதற்குப் பக்கத்திலுமாகக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தண்ணீர், சுகாதார வேலைக்காகப் போன பிள்ளைகள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடு கிடந்தார்கள். யாருக்கும் இன்றுவரை தண்டனை இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் எழுதிய கையேடுகளில், சட்டையும் கொடியும் கவசமாகாது, உள்ளூர்ப் பணியாளரை எப்போது, எப்படி வெளியே எடுப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். உலகம் முழுவதும் ஒவ்வொரு வருடமும் கொல்லப்படுகிற உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தந்த நாட்டுக்காரர்கள். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிய பிறகும் வேலை நடக்கத்தானே வேண்டும், அதைச் செய்வது இவர்கள்.

இன்றைக்கு வெள்ள நிவாரணத்துக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், தெரியும். ஆனாலும் கேள்வி அதேதான்: முடிவெடுக்கிறவர் வேறு, அனுபவிக்கிறவர் வேறாக இருக்கக்கூடாது.

இதோடு சேர்ந்த சின்ன வேலை: ஒருவர் கொழும்பிலேயே தங்க வேண்டும். அவரிடம் போகிறவர்களின் பெயர், இரத்த வகை, வீட்டு ஆளின் இலக்கம், வாகன இலக்கம், பாதை எல்லாம் இருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வண்டியில் இருந்து ஒரு வரி வர வேண்டும், 'ஹட்டன் தாண்டியாச்சு' என்றால் போதும். வராவிட்டால் என்ன செய்வது என்பதும் எழுதியிருக்க வேண்டும்: அரை மணித்தியாலம் பார்த்து வண்டியில் இருக்கிற மற்றவருக்கு, அப்புறம் சாரதிக்கு, அப்புறம் போகிற இடத்து கிராம சேவகருக்கு, அதற்கும் பிறகு 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். காயம் என்றால் நேரே 1990 அம்புலன்ஸ். வண்டியில் எல்லாரும் ஒரே கம்பனி சிம் வைத்திருந்தால் சிக்னல் போனால் எல்லாருக்கும்தான் போகும், ஒருவரிடமாவது வேறு சிம் இருக்கட்டும்.

அங்கே யாருக்குத் தெரியும் நீங்கள் வருவது?

உதவி வேலையில் பாதுகாப்புக்கு மூன்று வழி சொல்வார்கள்: ஊர் நம்மை ஏற்றுக்கொள்ள வைப்பது, மதிலும் காவலும் போடுவது, கை வைத்தால் நடப்பது வேறு என்று காட்டுவது. நமக்குப் பின்னிரண்டும் இல்லை, முதலாவதுதான் எல்லாம். ஆகவே கிராம சேவகருக்கு முதல் நாளே கோல் எடுங்கள். எத்தனை குடும்பம், ஏற்கனவே யார் என்ன கொடுத்தார்கள், எந்தப் பக்கம் யாரும் போகவில்லை என்று கேளுங்கள். அதேநேரம் அவர் சொல்கிற பட்டியலை மட்டும் வேதவாக்காக எடுக்காதீர்கள். வாடகைக்கு இருக்கிறவர்கள், பதிவு வேறு ஊரில் உள்ளவர்கள், தோட்டத்தில் பெயர் இல்லாதவர்கள் பட்டியலில் விழாமல் போவது வழக்கம். பள்ளிவாசல், விகாரை, கோயில், தேவாலயம் என்று இன்னும் ஓரிரு இடத்தில் கேட்டால் விடுபட்டவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

வண்டியில் சிங்களம் நன்றாகக் கதைக்கிற ஒருவரும் தமிழ் நன்றாகக் கதைக்கிற ஒருவரும் கட்டாயம் வேண்டும். 'நம்மட ஆக்களுக்கு மட்டும்' கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒழுங்கை முழுக்க ஒரே தண்ணீரில் நிற்கும்போது மூன்று வீட்டுக்குக் கொடுத்து நான்காவது வீட்டைத் தாண்டிப் போனால், அன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் போன பிறகு அந்த மூன்று வீட்டுக்காரருக்குத்தான் பக்கத்து வீட்டோடு மனக்கசப்பு. பக்கச்சார்பில்லாமல் தேவையைப் பார்த்துக் கொடு என்று ஐ.நா. பொதுச்சபை 1991 இலேயே தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. கொள்கையாக அதைப் பிடிக்காதவர்கள் பாதுகாப்புக் காரணமாகவாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் குறைவாகவும் சனம் கூடவாகவும் இருந்தால் லொறியின் பின்கதவைத் திறக்கவே கூடாது. முதலில் சீட்டு, பிறகுதான் சாமான். நேரம் சொல்லி, நூறு பேரை ஒரேயடியாகக் கூப்பிடாமல் இருபது இருபதாகக் கூப்பிட்டு, கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் உட்கார வைத்து, உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் வேறாக வைத்தால் தள்ளுமுள்ளு பாதி குறையும்.

இன்னொன்று, நம் குழுக்களில் கதைக்கக் கூச்சப்படுகிற விஷயம். கையில் பால்மா பக்கற் வைத்திருக்கிறவனுக்கும் அதை எதிர்பார்த்து நிற்கிற பெண்ணுக்கும் இடையில் அதிகாரம் சமமாக இல்லை. 2002 இல் மேற்கு ஆபிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே சிறுமிகளைச் சுரண்டிய விபரம் வெளியே வந்த பிறகுதான் உலக அமைப்புகள் இதை விதியாக எழுதின. நமக்கு விதி சுருக்கமானது: யாரும் தனியாக யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை, வாங்க வந்தவர்களின் ஃபோன் இலக்கத்தைத் தொண்டர்கள் சொந்த ஃபோனில் எடுப்பதில்லை, குழுவில் பெண்கள் இருக்க வேண்டும், முறைப்பாடு சொல்ல ஒரு பெண்ணின் இலக்கம் பொட்டலத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும், மூன்று மொழியிலும். 'நம்ம பொடியன்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இந்த விதி.

காசும் பெயர்ப்பட்டியலும்

தனியாளின் கணக்கில் சேர்த்தால் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் ஒரு மாதத்தில் யாராவது ஒரு கதை கட்டுவார்கள், அவரால் நிரூபிக்க முடியாது. சங்கக் கணக்கு, இரண்டு கையெழுத்து. அது இல்லையென்றால் ஏற்கனவே பதிவும் கணக்காய்வும் உள்ள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து செய்யுங்கள், தனிப் பதாகை எதற்கு? வெளிநாட்டில் இருந்து பெரிய தொகை வந்தால் வங்கி காரணம் கேட்கும், அனுப்பியவரின் கடிதத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள். வாங்குகிறவரும் பில் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மூன்று கடையில் விலை கேட்டதைப் படமெடுத்துக் குழுமத்தில் போட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். பழைய உடுப்பு மட்டும் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. ஈரத்தில் கிடந்து நாறி, கடைசியில் அந்த ஊர்க்காரர்தான் அள்ளிக் கொட்ட வேண்டி வரும்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று எல்லாம் நிரப்பிய தாளைப் படமெடுத்து இருநூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுமத்தில் போடுகிறார்களே, அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த இலக்கங்களை வைத்து 'உங்களுக்கு நிவாரணக் காசு வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கோ' என்று யாரும் கூப்பிடலாம். தேவையான அளவுக்கு மட்டும் எழுதுங்கள், இருவர் மட்டும் வைத்திருங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வேண்டாம், கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் தெரிகிற படம் அதைவிட வேண்டாம். காசு போட்டவர்களுக்கு ஏற்றிய லொறியின் படமும் பில்லும் போதும்.

திரும்பி வந்த பிறகு

வெள்ளத் தண்ணீரில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் வெட்டோ கீறலோ இருந்தால் இன்னும் அதிகம். முன்கூட்டியே எடுக்கிற தடுப்பு மருந்து இருக்கிறது, ஆனால் ஃபார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாமல் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், புறப்படும் முன்பே கேளுங்கள். பூட்ஸ் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள், கையில் தடி வைத்துத் தட்டிப் பார்த்து நடவுங்கள், மூடியில்லாத வடிகால் தண்ணீருக்குக் கீழே தெரியாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாத வீட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் முதல் வசனமே 'வெள்ளத்தில் நின்றேன்' என்பதாக இருக்கட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை போடக்கூடாது. கொழும்பில் இருந்தவர் காய்ச்சல்காரர்களின் கணக்கை வைத்திருப்பார், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கோல் எடுத்துக் கேட்பார், சாரதிக்கும் படகோட்டிக்கும் சேர்த்து. அந்த இரண்டு பேரின் இலக்கமும் பட்டியலில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டலம் வாங்கியவர்களின் தாளை மட்டும் கணக்கு முடிந்ததும் கிழித்துப் போடுங்கள், ஃபோனில் இருக்கிற படத்தையும் அழித்துவிடுங்கள்.